மசக்கை மண்

மார்ச் 3

அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே கிழித்துவிடுவாய் என்று பயந்து, கீழ்வீட்டு ஆசிரியையிடம் கொடுத்து முகவரி எழுதச் சொன்னேன். முத்து முத்தாக எழுதுவார். ஏதோ வெளிநாட்டு ஆபீஸ் தபால் என்று நினைத்துப் பிரித்திருப்பாய். இனி கிழித்தாலும் ஒரு வரியாவது கண்ணில் படும். அந்த ஒரு வரி இதுதான்: நான் உண்டாகியிருக்கிறேன். நாலாவது மாதம்.

கிழிக்கவில்லையே? அப்படியென்றால் மேலே சொல்கிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாம்தான். நான் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டாய்.

எனக்கு உன்னிடம் ஒன்று வேண்டும். சிரிக்காதே. திட்டுவதென்றால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு. எனக்கு மண் தின்ன வேண்டும்போல் இருக்கிறது.

ஆரம்பித்தது எங்கள் மாடிப்படியில். ஆசிரியை தன் வாசலில் நாலைந்து பூந்தொட்டி வைத்திருக்கிறார். போன மாதம் ஒரு காலையில் வேலைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார். அந்த வாசனை மூக்கோடு நிற்காமல் நேராக நாக்குக்குப் போனது, அக்கா. வாயெல்லாம் எச்சில். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். ஒரு விரல் நுனி, அவ்வளவுதான் எடுத்தேன். பல்லில் நறநறவென்று பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அத்தனை சந்தோஷம்.

அதற்கப்புறம் கடையில் பூச்செடிக்கென்று பையில் போட்டு விற்கும் மண்ணை வாங்கி வந்தேன். அது மண்ணே இல்லை. மரத்தூளும் உரமும். துப்பிவிட்டேன். கடல் தாண்டி வந்த இந்த ஊரில் எங்கே பார்த்தாலும் சிமெண்ட், கல், தார். காலில் ஒட்ட ஒரு துளி மண் கிடையாது.

நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில், துணி துவைக்கும் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே எப்போதும் ஈரமாக இருக்குமே, அந்த மண். ஒரு பிடி அனுப்பு. சின்ன வயதில் நான் அங்கே போய் வாயில் போட்டுக்கொண்டு வந்து நின்றால் நீதான் தாடையைப் பிடித்து "ஆ காட்டுடி" என்பாய். அந்த ருசி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நான் கல்யாணம் பண்ணிக்கொண்டு கிளம்பிய அன்று, "என் வாயில மண்ணைப் போட்டுட்டுப் போறியே" என்றாய். இப்போது என் வாயில் போட்டுக்கொள்ள மண் கேட்கிறேன். உனக்குத் திருப்திதானே?

கோபம் தீர்ந்து அனுப்ப வேண்டாம். கோபத்தோடேயே அனுப்பு.

வாலு


மார்ச் 14

முகவரியை யார் எழுதினால் என்ன, உறையை ஒட்டியது நீதான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எப்போதும்போல் ஓரம் கோணிக்கொண்டிருந்தது. தெரிந்துதான் பிரித்தேன்.

மண் அனுப்ப முடியாது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை மறந்துவிட்டாயா? ஊராரின் வயல் மண்ணை உலர்த்தி, இடித்து, சலித்து, அமிலம் விட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. மண்ணில் என்னென்ன இருக்கும் என்று உன்னைவிட எனக்குத் தெரியும். புழு முட்டை இருக்கும். பக்கத்து வீட்டுச் சாக்கடை கசிந்தது இருக்கும். சுவரில் அடித்த பழைய பெயிண்டின் ஈயம் உரிந்து விழுந்து கலந்திருக்கும். அந்த ஈயம் உன் வழியாகக் குழந்தையின் மூளைக்குப் போகும். நீ உருகி உருகி எழுதியிருக்கும் அந்த வாசனைகூட மண்ணுடையது இல்லை. அதில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் விடுவது.

மசக்கை என்று இதை விட்டுவிடாதே. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் இப்படி மண் கேட்கும். சிலருக்கு ஐஸ் கட்டி, சிலருக்குச் சாம்பல். உடனே போய் ரத்தம் கொடுத்து ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார். அந்த எண்ணை எனக்கு எழுது. அதுவரை வாய் சும்மா இருக்காவிட்டால் ஐஸ் கட்டியை மெல்.

ஃபோன் வேண்டாம். எனக்கு இன்னும் உன்னோடு பேச வரவில்லை. கடிதத்தில் கத்த முடியாது, இரண்டு பேருக்கும் அது நல்லது.

உன் வீட்டுக்காரருக்கு நீ மண் தின்பது தெரியுமா?

நாலாவது மாதம் என்று எழுதினாய். குழந்தை அசைகிறதா என்று எழுதவில்லை.


மார்ச் 26

அக்காவுக்கு,

திட்டுக்கு நன்றி. இரண்டு வருஷத்துக்குப் பிறகு கிடைத்ததால் இனித்தது. மூன்று தடவை படித்தேன்.

அசைகிறது. போன வாரம் முதல்முறை. வயிற்றுக்குள் யாரோ கண் சிமிட்டிய மாதிரி.

ரத்தம் பார்த்தாயிற்று. நன்றாக இருக்கிறதாம். நீ கவலைப்படாதே.

அவருக்குத் தெரியாது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார் என்பதுதான் உனக்குத் தெரியுமே, அதை வைத்துத்தானே அன்றைக்கு அவ்வளவு பேச்சும். காலையில் ஏணி ஏறினால் மாலையில்தான் இறங்குவார். அந்தக் கூண்டிலிருந்து பார்த்தால் மனிதர்கள் எள்ளு மாதிரி தெரிவார்களாம். இறங்கி வந்ததும் கொஞ்ச நேரம் தரை ஆடும், என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படி நிற்கிறவரிடம் போய், "நான் இன்னைக்கு மண்ணு தின்னேன்" என்று எப்படிச் சொல்வது?

நான் ஒரு சலவைக் கடையில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர் கொண்டுவரும் அழுக்குத் துணியை வாங்கி, பையைத் துழாவி, எந்தக் கறை எங்கே என்று சீட்டுக் கட்டி உள்ளே அனுப்ப வேண்டும். எண்ணெய்க் கறை, மைக் கறை, ரத்தக் கறை எல்லாவற்றுக்கும் தனித்தனி கூடை. இந்தத் தெருக்கோடியில் பெரிய கட்டடம் எழும்புகிறது. அங்கே அஸ்திவாரம் தோண்டுகிறவர்களின் கால்சராயெல்லாம் எங்களிடம்தான் வரும். முட்டிக்குக் கீழே மண் அப்பிக் காய்ந்திருக்கும். துவைக்கப் போடுவதற்கு முன் அதை உதிர்க்க வேண்டும். அந்தக் கூடை வந்தால் நானே கையை நீட்டிவிடுகிறேன். முதலாளியம்மா, "இந்தப் பொண்ணு மட்டும்தான்ப்பா மொகம் சுளிக்காம செய்யுது" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறார்.

ஒரு காகிதத்தில் உதிர்த்து எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம்தான். மஞ்சளாக, மெத்தென்று இருக்கிறது. நம் கொல்லை மண்ணுக்கு ஈடாகாது.

அதனால்தான் கேட்கிறேன், ஒரு பிடி.

வாலு


ஏப்ரல் 6

யார் கண்ணில் மண்ணைத் தூவப் பார்க்கிறாய்?

"நன்றாக இருக்கிறதாம்" என்று எழுதியிருக்கிறாய். எண் எங்கே? பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் குறைந்தபோதும் இப்படித்தான், "நல்லாத்தான் போட்டிருக்காங்க" என்று வந்து நிற்பாய். நீ ரத்தம் கொடுக்கவே போகவில்லை.

அஸ்திவாரம் தோண்டுகிறவனுடைய கால்சராயிலிருந்து உதிர்ந்ததைத் தின்கிறாயா? அதில் சிமெண்ட் இருக்கும், டீசல் இருக்கும், இடித்த பழைய கட்டடத்தின் வண்ணம் இருக்கும். அதைப் படித்த அன்று ஒரு கண்ணாடிக் குடுவையை உடைத்துவிட்டேன். எங்கள் டைரக்டர், "ஒடம்பு சரியில்லையா மேடம், வீட்டுக்குப் போங்களேன்" என்றார். வீட்டுக்குப் போய் என்ன செய்ய, அங்கே யார் இருக்கிறார்கள்?

உன் மண்டைக்குள் களிமண் என்று வாத்தியார் சொன்னபோது நான் பள்ளிக்கூடத்துக்கே போய் அவரோடு சண்டை போட்டேன். இப்போது அவர் சொன்னது சரிதானோ என்று தோன்றுகிறது.

கொல்லை மண்ணைப் பற்றி இனி எழுதாதே. அந்த மண்ணில் ஒரு விசேஷமும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போ.


ஏப்ரல் 17

அக்கா,

போகவில்லை. போதுமா? நீ கண்டுபிடித்துவிட்டாய், நீ கெட்டிக்காரி, எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

ஏன் போகவில்லை என்று கேட்டாயா?

போன வருஷம் ஏப்ரலில் ஒன்று உண்டாகி, மூன்றாவது மாதத்தில் கலைந்து போனது. அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறை வாசலில் ஒரு நீல பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்திருந்தபோதுதான் எல்லாம் போனது. எழுந்து பார்த்தால் பெஞ்செல்லாம் ரத்தம். துடைக்க வந்த அம்மா, "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே துடைத்தார். ரத்தம் பார்க்க வேண்டுமென்றால் அந்த பெஞ்சில்தான் போய் உட்கார வேண்டும். இரண்டு தடவை வாசல்வரை போனேன். என் கால் உள்ளே வர மாட்டேன் என்கிறது.

அவருக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. நான் தனியாகத்தான் இருந்தேன். உனக்கு ஃபோன் செய்தேன். கட்டிலில் படுத்துக்கொண்டு, மணி அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ எடுக்கவில்லை.

அதற்கப்புறம் உன்னைக் கூப்பிடக்கூடாது என்று முடிவு செய்தேன். செத்தாலும் கூப்பிடக்கூடாது என்று. இந்த மசக்கை வராமல் இருந்திருந்தால் எழுதியும் இருக்க மாட்டேன்.

எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். மண்ணும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்.


ஏப்ரல் 29

வாலு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்தின் பின்கட்டில், மண் உலர்த்தும் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அழுதால் தட்டில் விழுந்துவிடும், யாருடைய மாதிரியாவது கெட்டுப்போகும் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அந்த ஃபோன் அடித்தது. நீதான் என்று தெரியும். மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் ஒருமுறை அடித்தால் எடுத்துவிடுவேன் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு வாய் இல்லை.

கொல்லை மண்ணை அனுப்ப மாட்டேன் என்று பெரிதாகச் சட்டம் பேசினேன். அனுப்ப மண் இல்லை. நீ போன மூன்றாம் மாதமே ஆள் வைத்துச் சுவரோரம்வரை சிமெண்ட் பூசிவிட்டேன். களை பிடுங்க ஆள் இல்லை என்று கேட்டவர்களிடம் சொன்னேன். உண்மையில் மழை பெய்து அந்த வாசனை வரும்போதெல்லாம் நீ வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி இருந்தது. என்னால் முடியவில்லை. இப்போது மழை பெய்தால் தண்ணீர் வழிந்து ஓடிவிடுகிறது. ஒரு வாசனையும் வருவதில்லை.

இந்த உறைக்குள் இன்னொரு சின்ன உறை இருக்கிறது. அது உன் வீட்டுக்காரருக்கு. நீ பிரிக்கக்கூடாது. அவர் கிரேனிலிருந்து இறங்கி, தரை ஆடுவது நின்றபிறகு கொடு.

அக்கா


மே 12

அக்கா,

அப்படி என்னதான் எழுதினாய்? எனக்குக் காட்டவே மாட்டேன் என்கிறார். படித்து முடித்ததும் எழுந்து விளக்கைப் போட்டார். என் எதிரில் வந்து நின்று, "ஆ காட்டு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னங்க?" என்றேன்.

"ஆ காட்டுடி."

காட்டினேன். நாக்கைப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்திருக்கிறது. காலையில் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், "இன்னைக்குப் போகலை" என்று சட்டையை மாற்றினார்.

ஆஸ்பத்திரியில் அந்த நீல பெஞ்சுக்குப் பக்கத்தில் போனதும் எனக்குக் கால் வரவில்லை. என்ன செய்தார் தெரியுமா? போய் அவர் அதில் உட்கார்ந்துகொண்டார். பெஞ்சு முழுக்கக் கையைக் காலை விரித்துக்கொண்டு. "நீ என் மேல சாஞ்சு நின்னுக்கோ, ஒக்கார வேணாம்" என்றார். எல்லாரும் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. நின்றபடியே ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

எண் கேட்டாயே. ஆறரை. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்படிம்மா நடந்து வந்தே? மண்ணு கிண்ணு தின்னியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் முந்திக்கொண்டு, "தின்னா டாக்டர். எனக்கு நேத்துதான் தெரியும்" என்றார். அந்தக் குரலில் இருந்தது கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று மணி நேரம் படுக்க வைத்து இரும்புச்சத்து ஏற்றினார்கள். அந்த மருந்தை நீ பார்த்திருக்கிறாயா? மழை பெய்ததும் மேட்டிலிருந்து ஓடிவருமே, அதேமாதிரி செம்மண் தண்ணீர். குப்பியில் தொங்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாக என் கைக்குள் இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க அக்கா கடைசில மண்ணு அனுப்பிட்டா" என்றேன். பக்கத்துப் படுக்கைக்காரி என்னைப் பயந்து பார்த்தாள்.

இந்த மருந்து இன்னும் நாலு தடவை போட வேண்டும். ஈயமும் பார்த்தார்கள். பயப்படும் அளவுக்கு இல்லையாம். சலவைக் கடையில் என்னை இப்போது சட்டைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவரே போய் முதலாளியம்மாவிடம் பேசினார்.

சிமெண்ட் பூசியதை ஏன் எழுதினாய்? நான் அங்கே ஒரு இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாலு


மே 24

வாலு,

ஆறரை என்று படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வரியில் செம்மண் தண்ணீர் வந்ததும் சிரித்துவிட்டேன். பக்கத்தில் மண் சலிக்கிறவர், "மேடம் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை" என்றார். இரண்டு வருஷம் முன்னால்தான் அவர் வேலைக்கு வந்தார்.

நீ சொன்னது சரிதான், அது ஒரே சரக்கு. மண்ணைச் சிவப்பாக்குவதும் இரும்பு, ரத்தத்தைச் சிவப்பாக்குவதும் இரும்பு. எங்கள் அலமாரியில் இப்போது நூற்றுக்கணக்கில் புட்டிகள் நிற்கின்றன. கருப்பு, செங்கல் நிறம், சாம்பல், மஞ்சள். புட்டிமேல் நாங்கள் எண்தான் ஒட்டுவோம். கொண்டுவந்து கொடுக்கிற விவசாயிகள் யாரும் "மண்" என்று மட்டும் சொல்லிக் கேட்டதில்லை. "எங்க மண்ணு எப்படி இருக்கு?" என்பார்கள், வீட்டில் படுத்திருக்கிற ஆளைக் கேட்பதுபோல். ஒருத்தி நேற்று வந்தாள். "எங்க மண்ணுக்குக் கோவம் வந்திருக்கும்மா, எது போட்டாலும் வாங்க மாட்டேங்குது" என்றாள். சுண்ணாம்பு குறைவு, அவ்வளவுதான். ஆனால் அவள் சொன்னது என் காதிலேயே இருந்தது.

கொல்லையில் ஆள் வைத்துச் சிமெண்டைப் பெயர்த்துவிட்டேன், சுவரோரமாகக் கட்டில் அளவுக்கு. அடியில் இருந்த மண் வெளிறிப் போய், கட்டி கட்டியாக இருக்கிறது. மோந்து பார்த்தேன். சுண்ணாம்பு நெடிதான் வருகிறது. தினமும் தண்ணீர் தெளிக்கிறேன். உனக்கு அனுப்புவதற்காக இல்லை. நீ இனி அதைத் தின்னக்கூடாது.

உன் வீட்டுக்காரர் அந்த பெஞ்சில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நம் வீட்டுக்கு அவர் பெண் கேட்டு வந்த அன்று, கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, "அந்தரத்துல தொங்குறவனுக்கு என் தங்கச்சியா?" என்றேன். அவர் கழற்றிய செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு போனார். அவரிடம் நான் கேட்டதாகச் சொல். என்ன கேட்டேன் என்று நீயே ஏதாவது சேர்த்துச் சொல்லிக்கொள்.

அக்கா


ஜூன் 8

அக்கா,

ஆசை போய்விட்டது.

மூன்றாவது குப்பி ஏறி ஒரு வாரம் இருக்கும். படியில் இறங்கும்போது ஆசிரியை தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் நின்றேன். வாசனை வந்தது. அவ்வளவுதான், வந்துவிட்டுப் போனது. நாக்கு சும்மா இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆசிரியை, "என்னம்மா, வலிக்குதா?" என்று பதறினார். என்னவென்று சொல்வது? ரத்தம் ஏறியதும் மண் வெறும் மண்ணாகிவிட்டது. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஒன்பதரை என்றார்.

ஆனால் ஒன்று மட்டும் போகவில்லை. ராத்திரி படுத்தால், நீ குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து என் பக்கத்தில் உட்காருவாயே, அந்தச் சொட்டு என் கழுத்தில் விழுகிற மாதிரி இருக்கிறது. ஜில்லென்று எழுந்து தடவிப் பார்க்கிறேன். சலவைக் கடையில் யாராவது வயதான பெண் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று "எங்க, சில்லறைய கரெக்டா குடு" என்று அதட்டினால் நிமிர்ந்து பார்க்கிறேன். இது எந்தச் சத்துக் குறைவு என்று டாக்டரம்மாவிடம் கேட்க முடியுமா?

மண் வேண்டாம். நீ வா.

குழந்தை ஆகஸ்டில் வந்துவிடும். இங்கே எனக்கு யாரும் இல்லை. அவருக்கு மூன்று நாள் லீவுதான் தருவார்களாம். ஒரு அறைதான் இருக்கிறது, நீ கட்டிலில் படுத்துக்கொள், நாங்கள் கீழே படுக்கிறோம்.

"நான் கேட்டதாகச் சொல்" என்று எழுதினாயே, சொன்னேன். "அக்காவா?" என்றார். பிறகு போய்ச் சன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

வாலு


ஜூன் 20

வாலு,

வர முடியாது. விதைப்புக் காலம் வருகிறது, மாதிரிகள் மூட்டை மூட்டையாக வந்து குவியும். நான் இல்லாவிட்டால் முடிவு எழுதித் தர ஆள் இல்லை. பாஸ்போர்ட்டும் எடுக்கவில்லை. எனக்கு விமானம் ஒத்துக்கொள்ளுமா என்றும் தெரியாது. வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் கொல்லைப் பக்கம் யார் தண்ணீர் தெளிப்பது?

இதையெல்லாம் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட உண்மை இல்லை. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். உன்னிடம் எதற்கு.

எனக்குப் பயமாக இருக்கிறது. என் கூடப் பிறந்தவள் ரத்தத்தில் கிடந்தபோது வராதவள், இப்போது எந்த முகத்தோடு வந்து உன் வாசலில் நிற்பது? அந்தப் பையன் கதவைத் திறந்து, "வாங்க" என்றால் நான் மண்ணு மாதிரி நிற்பேன். கடிதத்தில் உன்னோடு பேசிவிடுகிறேன். எதிரில் நீ இருந்தால் ஒரே பேச்சில் பழையபடி சண்டைக்குப் போய்விடுவேனோ என்றும் இருக்கிறது. இப்போதுதான் நீ திரும்பக் கிடைத்திருக்கிறாய். வந்து கெடுத்துவிட்டால்?

குழந்தை பிறந்தபிறகு படம் அனுப்பு. நல்லபடியாகப் பெற்றுப் பிழை. எனக்கு அது போதும்.

அக்கா


ஜூலை 5

அக்கா,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். பயப்படாதே என்று எழுதப் போனேன், நீ பயந்தால் பரவாயில்லை. எனக்கும் பயமாக இருக்கிறது, ஒரு ஆள் துணைக்கு வேண்டும்.

கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிவிட்டது. ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது. படுக்கையைவிட்டு இறங்கக்கூடாது என்கிறார்கள். இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, ஆனால் அதுவரை விட முடியாது, முன்னாலேயே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். "ரத்தம் ஏத்தி வச்சிருக்கறதால தைரியமா எடுக்கலாம். இல்லேன்னா நான் கைய வைக்கவே மாட்டேன்" என்றார். அப்போது உன்னை நினைத்துக்கொண்டேன்.

படம் அனுப்பச் சொன்னாய். அக்கா, நான் படம் எடுக்கிறவள் இல்லை. நீ வந்து கெடுத்தால் கெடுத்துக்கொள். சண்டை போட்டால் போட்டுக்கொள், நானும் போடுகிறேன். எதிரில் நின்று போடு.

நர்ஸ் பேனாவைப் பிடுங்குகி


ஆகஸ்ட் 9

வாலு,

இது தபாலில் வராது. உன் வீட்டுச் சமையல் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் பேச வாய் வராமல் போனால் இதை உன் கையில் கொடுத்துவிடலாம் என்று ஒரு ஏற்பாடு.

அவர் ஃபோன் செய்தபோது நான் பரிசோதனைக்கூடத்தில் இருந்தேன். தெரியாத நம்பர். எடுத்தேன். "அக்கா, பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. கொழந்தை சின்னது, கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்க" என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அழுதுகொண்டிருந்தோம். சலிக்கிறவர் என் கையிலிருந்து சல்லடையை வாங்கிக்கொண்டார்.

உன் ஜூலை கடிதம் வந்த அன்றே பாஸ்போர்ட்டுக்குப் போய் நின்றுவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. கடைசி நிமிஷத்தில் கிளம்பாமல் போய்விடுவேனோ என்று என்மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்று காலை விமான நிலையத்தில் வந்து நின்றார். பெட்டியை வாங்கிக்கொண்டு, "வாங்கக்கா, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். கேட்டில் நிறுத்தியதெல்லாம் நடக்கவே இல்லை என்கிற மாதிரி. வண்டியில் வரும்போது நான் மெல்ல, "தம்பி, அன்னைக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு எழுதின லெட்டர்லயும் தம்பின்னுதான் போட்டிருந்தீங்க. பையிலயே வச்சிருக்கேன்" என்றார். அப்புறம், "நேரா ஆஸ்பத்திரிக்கே வாங்களேன், அவளுக்குச் சொல்லலை, பார்த்தா குதிப்பா" என்றார். "வேணாம் தம்பி, நான் வீட்டைக் கூட்டி வைக்கிறேன்" என்றேன். கோழை என்று நினைத்திருப்பார். சாவியைக் கொடுத்துவிட்டு உங்கள் இரண்டு பேரையும் கூட்டிவரப் போயிருக்கிறார்.

கூட்டினேன். மூன்றே நிமிஷத்தில் முடிந்துவிட்டது, அவ்வளவுதான் உன் வீடு. தொட்டிலுக்குப் பதில் சலவைக் கடைக் கூடையில் மெத்தை தைத்துப் போட்டிருக்கிறாய். தையல் கோணல். பிரித்து நேராகத் தைத்தேன். சன்னலில் நின்றால் துறைமுகம் தெரிகிறது. வரிசையாகக் கிரேன்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கூண்டு. அதில் ஒன்றில்தான் அவர் நாளெல்லாம் இருக்கிறார் என்று நினைத்ததும் எனக்கு இங்கே, கெட்டித் தரையில் நின்றுகொண்டே, கால் கூசியது.

வாசலில் நின்று உன்னிடம் முதலில் என்ன சொல்வது என்று விமானத்தில் வரும்போதெல்லாம் தயார் செய்தேன். நன்றாக வந்தது. இப்போது ஒரு வார்த்தையும் நினைவில் இல்லை. மூன்று தடவை முகம் கழுவிவிட்டேன். தலைக்குக் குளித்தேன், துவட்டக்கூட இல்லை.

கீழே வண்டிக் கதவு சாத்துகிற சத்தம். ஆசிரியை யாரையோ விசாரிக்கிறார். "மெதுவாங்க, தலையைப் பிடிச்சுக்கோங்க, கழுத்து நிக்காது" என்று ஒரு அதட்டல். நான் அதட்டுகிற மாதிரியே இருக்கிறது. இரண்டரை வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல், வாலு, ஒவ்வொரு படியாக ஏறி வருகிறது. நடுவில் மூச்சு வாங்க நிற்கிறாய். குழந்தை சிணுங்குகிறது. மறுபடியும் ஏறுகிறாய்.

எழுந்து வருகிறேன். கதவை நான்தான் திறக்க வேண்டும்.